அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஊதிய கண்ணாடிக் கலைப்பொருளை ரசிப்பது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. புது வீடு குடிபோனபோது அவருடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு கண்ணாடிச் சொறி (ஜெல்லி மீன்) கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உள்ளங்கையளவு உருண்டை, முக்கால் கிலோ கனம். தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளைக் குடையும் தொங்கும் வால்களுமாக ஒரு சொறிமுட்டை மிதக்கிறது. "வாயால ஊதுனது, இருபதாயிரம் ரூபாய்" என்கிறார் மச்சான். "இருபதாயிரம் குடுத்த சாமான்ல ஒரு பூக்கூட வைக்க முடியலையே" என்பது அம்மாவின் கட்சி. தம்பிக்கு மூன்று சந்தேகம். இது உண்மையிலேயே ஊதியதுதானா? இதில் எதைப் பார்த்து ரசிப்பது? இதைச் செய்கிறவர்களைக் கலைஞர்கள் என்பதா, தொழிலாளிகள் என்பதா?

நான் கலைக்கண்ணாடி செய்தவன் இல்லை. ஆய்வகங்களுக்குக் கண்டென்சர், பியூரெட், வளைகுழாய் என்று ஊதிக்கொடுத்துப் பிழைத்தவன். ஓய்வுக்குப் பிறகு மண்டபம் பக்கம் இருக்கிறேன். அதனால் என் பதில் ஊதுகிறவன் கண்ணிலிருந்து வரும் பதில். ஓவிய, சிற்ப விமர்சகர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும், சொல்லட்டும்.

மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்லும் கனத்துக்கு அது ஊதியதாக இருக்காது. ஊதினால் உள்ளே கூடாக, காலியாக இருக்க வேண்டும். 8 செ.மீ. குறுக்களவுள்ள கெட்டிக் கண்ணாடி உருண்டை ஏறக்குறைய 670 கிராம் வரும். உங்களுடையது கொஞ்சம் முட்டை வாக்கில் இருந்தால் முக்கால் கிலோ என்ற கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆக, முழுக்கக் கெட்டி. உலையிலிருந்து இரும்புக் கம்பியில் திரட்டி எடுத்து, உருட்டி, அடுக்கடுக்காகச் செய்திருக்கிறார்கள். கைவேலைதான், அதில் சந்தேகமில்லை. மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை.

கண்ணாடிதானா, ரெசினா என்ற சந்தேகமும் இருந்தால் சமையலறையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். தராசில் எடை பாருங்கள். அப்புறம் அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, பொருளை மெதுவாக இறக்கி, எத்தனை மில்லி ஏறுகிறது என்று பாருங்கள். எடையை அந்த மில்லிக் கணக்கால் வகுத்தால் 2.5-ஐ ஒட்டி வந்தால் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. 3-ஐ ஒட்டி வந்தால் ஈயம் கலந்த கிரிஸ்டல். 1.2 அளவில் நின்றால் அது ரெசின். மச்சானிடம் சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது.

இந்தச் சொறி எப்படி உள்ளே போனது என்று தெரிந்தால்தான் அதை ரசிக்க முடியும். முதலில் கம்பி நுனியில் ஒரு சிறு உருண்டை தெளிந்த கண்ணாடி எடுப்பார்கள். அதை வெள்ளைக் கண்ணாடித் தூளில் உருட்டினால் குடைக்கு நிறம் வந்துவிடும். மெல்லிய கண்ணாடி இழைகளை ஓரத்தில் ஒட்டவைத்து இழுத்தால் வால். பிறகு கூரான ஊசியால் அங்கங்கே குத்திக் குழி போட்டு, அப்படியே மறுபடியும் உலைக்குள் விட்டு மேலே இன்னொரு சுற்றுக் கண்ணாடி எடுப்பார்கள். குழிக்குள் இருந்த காற்று மாட்டிக்கொண்டு முத்து முத்தாகக் குமிழியாகிவிடும். சிலர் பொடிக்குமிழிக்காக ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவே தூவுவார்கள். சூட்டில் அது வாயுவை விடும். இருட்டில் பச்சையாக ஒளிர்கிறதென்றால் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தூள் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் பழகிய கைக்கு ஒரு நாளில் பல செய்யக்கூடிய வேலை.

அப்படியானால் மதிப்பில்லையா என்றால், குமிழிகளையும் வால்களையும் உற்றுப் பாருங்கள். குமிழிகள் ஒரே தூரத்தில், ஒரே அளவில் இருந்தால் ஊசிப்பலகையால் ஒரே அழுத்தாக அழுத்தியது. வால்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரே பக்கமாகத் திரும்பி, நீரோட்டத்தில் சாய்ந்த மாதிரி இருந்தால் செய்தவர் கடைசிச் சுற்றில் கம்பியைத் திருக்கியிருக்கிறார். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் மாறும் நேரத்தில் சொறி சாய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் சாய்வு வந்திருக்கிறதா என்று பாருங்கள். உயிர் இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

சொறியைக் கண்ணாடியில் செய்வது இன்று நேற்றைய மோஸ்தர் இல்லை. லியோபோல்ட் பிளாஷ்கா என்ற கண்ணாடிக்காரர் பொஹீமியாவைச் சேர்ந்தவர். 1853-ல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் காற்று விழுந்து கப்பல் நடுக்கடலில் நின்றுவிட, இரவில் கடலில் மின்னிய சொறிகளைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தார். பத்து வருஷம் கழித்து ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்காகக் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற கடல் உயிரிகளைக் கண்ணாடியில் செய்ய ஆரம்பித்தார். மகன் ருடால்பும் சேர்ந்துகொண்டார். மீனைச் சாராயத்தில் போட்டு வைக்கலாம். சொறியையும் கடல் சாமந்தியையும் போட்டால் நிறம் வெளுத்து, உருவம் சுருங்கி, வெறும் சளியாகக் கிடக்கும். ஜாடியில் ஊறும் மாதிரி உயிரினங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் உலகத்துப் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் அப்பா-மகன் இருவரிடமும் ஆர்டர் கொடுத்தன. பிறகு 1887 முதல் 1936 வரை ஹார்வர்டுக்காக அவர்கள் செய்த கண்ணாடிச் செடிகள், பூக்கள் மட்டும் 4,000-க்கு மேல்.

அவர்கள் வைத்திருந்தது பெரிய உலை அல்ல; மேசைமேல் ஒரு விளக்குச் சுடர், காலால் மிதிக்கும் துருத்தி, சில இடுக்கிகள். நான் பார்த்த வேலையும் இந்த வகைதான், சுடர் மட்டும் எரிவாயுவும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. கண்ணாடியைச் சுடரில் காட்டியதும் அதிலுள்ள சோடியம் கண்ணைக் கூசும் மஞ்சளாக எரியும். அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டும் டிடிமியம் கண்ணாடி போட்டால்தான் உருகும் விளிம்பே தெரியும். துருத்தி மிதித்துக்கொண்டே நூலளவு கண்ணாடியை அந்த மனிதர் எப்படி வளைத்தார் என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. கலைஞரா, தொழிலாளியா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் முதல் சாட்சி பிளாஷ்காதான். அறிவியல் பாடத்துக்காகச் செய்த கருவி அது. கூலிக்குச் செய்தார். இன்று அதைக் கலை இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

இனி உண்மையில் ஊதுவது எப்படி என்று பார்ப்போம். இது தெரியாமல் கண்ணாடியை ரசிக்கப் போனால் "கலர் நல்லாயிருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

உலையில் கண்ணாடி 1,100 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். நாலு, அஞ்சு அடி நீளமுள்ள இரும்புக் குழலை உள்ளே விட்டுச் சுழற்றினால் நுனியில் திரண்டு வரும். அதிரசம் சுடுகிற வீட்டில் பாகுபதம் எப்படியோ, இங்கே எல்லாமே அந்தப் பதம்தான். ஒரு நிமிஷம் முந்தினால் ஒழுகும், ஒரு நிமிஷம் பிந்தினால் வளையாது. வெளியே எடுத்த நொடியிலிருந்து குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். இரும்புப் பலகையில் உருட்டி மேல்தோலைக் கொஞ்சம் ஆற்றி, லேசாக ஒரு ஊது. கன்னம் உப்ப ஊதுவதெல்லாம் படத்துக்குத்தான். ஒரு சிறு மூச்சை உள்ளே விட்டு, குழல் வாயைக் கட்டைவிரலால் மூடிவிட்டால் போதும். உள்ளே போன காற்று சூட்டில் தானே விரிந்து குமிழியை உண்டாக்கும்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து உருவம் கொடுப்பது. கையில் வைத்துத் தடவுவது எதை என்று நினைக்கிறீர்கள்? நனைத்து மடித்த செய்தித்தாள். ஆமாம், பத்து, பதினைந்து மடிப்பு ஈரத் தாள். அதற்கும் எரியும் கண்ணாடிக்கும் நடுவில் நீராவி ஒரு மெல்லிய படலமாக நிற்பதால் உள்ளங்கை வேகாது. கருகிய தாள் வாடை அடித்துக்கொண்டே இருக்கும், நாளிதழின் தலைப்பு அப்படியே கரியாகிப் போகும். உலகத்தின் பெரிய பெரிய ஊதுகலைஞர்கள் இன்றும் இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறிவிட்டால் மறுபடி சூட்டு உலையில் காட்ட வேண்டும். ஒரு ஜாடிக்குப் பல தடவை இப்படிப் போய்வர வேண்டியிருக்கும்.

கூடத்தில் எல்லோரும் வாய்மூடி நிற்கும் நேரம் ஒன்று உண்டு. அதுவரை ஜாடியின் கழுத்துதான் குழலில் ஒட்டியிருக்கும். வாயைத் திறந்து விரிக்க வேண்டுமென்றால் ஜாடியை எதிர்ப்பக்கம் பிடித்தாக வேண்டும். உதவியாள் இன்னொரு கம்பி நுனியில் துளி உருகிய கண்ணாடியோடு வந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒட்டுவார். கழுத்தில் இடுக்கியால் ஒரு சொட்டுத் தண்ணீர், குழலில் ஒரு தட்டு. 'டிக்' என்று கழுத்து பிரிந்து ஜாடி முழுவதும் கம்பிக்கு மாறிவிடும். மாறாமல் தரையில் விழுவதும் உண்டு. கடைசியில் இந்தக் கம்பியிலிருந்தும் தட்டிப் பிரித்து, 500 டிகிரியை ஒட்டிய சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்றுவார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எந்தக் கண்ணாடிப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். கையால் ஊதியதானால், பெரும்பாலும் அந்தக் கம்பி ஒட்டிப் பிரிந்த இடத்தில் தொப்புள் போல ஒரு தழும்பு இருக்கும். சிலர் அப்படியே சொரசொரப்பாக விட்டுவிடுவார்கள், சிலர் சுடரில் காட்டி மழுக்குவார்கள், சிலர் சாணை பிடித்துக் குழிவாக மெருகேற்றுவார்கள். கடைசி வகை செலவுள்ள வேலை. பார்க்காத இடத்தில் இவ்வளவு மெனக்கெட்டவர் மற்ற இடத்தில் ஏமாற்றியிருக்க மாட்டார் என்பது என் அனுபவம். பெயரும் வருஷமும் பெரும்பாலும் இந்த அடியில்தான் வைரமுனையால் பொறிக்கப்பட்டிருக்கும்.

பிறகு பக்கவாட்டு. கோலி சோடா பாட்டில் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. உடம்பு நெடுக மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும். இரண்டு பாதி அச்சு சேர்ந்த தையல் அது. கலைப்பொருள் என்று சொல்லி விற்கும் பூச்சாடியில் இந்தத் தையல் தெரிந்தால் அச்சில் ஊதியது. அச்சில் ஊதுவது கேவலமில்லை. முதல் நூற்றாண்டிலேயே என்னியன் என்பவர் அச்சில் ஊதிய கிண்ணங்களில் தன் பெயரைப் பெருமையாகப் பதித்திருக்கிறார். அச்சு வேலையைக் கைவேலை விலைக்கு விற்பதுதான் தப்பு. தையல் இல்லாததாலேயே கைவேலை என்று முடிவு கட்டவும் முடியாது. அச்சுக்குள்ளேயே சுழற்றி ஊதினால் கோடு அழிந்துவிடும்.

அடுத்து வாய் விளிம்பு. விரலால் தடவுங்கள். சூட்டில் திறந்து விரித்த விளிம்பு உருண்டு, மிக லேசாக அலையடித்து, மூடி போட்டால் அங்கங்கே இடுக்குத் தெரியும். ஆறிய பிறகு அறுத்துத் தேய்த்த விளிம்பு தட்டையாக இருக்கும். விளிம்பிலிருந்து தோள் வரைக்கும் சுவரின் கனம் எப்படி மாறுகிறது என்பதை விரல்களுக்கு நடுவில் உணர முடியும். நல்ல ஊதுகலைஞரின் கை இங்கேதான் தெரியும். கனம் திடீரென்று கூடவோ குறையவோ கூடாது. கீழே போகப்போக எந்த இடத்தில் தடிக்க வேண்டுமோ அங்கே மட்டும் தடிக்கும்.

குமிழி இருந்தால் மட்டம் என்று நம் கடைக்காரர்கள் பாதிப் பேர் சொல்வார்கள். குமிழி இருந்தால்தான் கைவேலை என்று மீதிப் பேர். இரண்டும் அரைகுறை. ஒற்றைக் குமிழி கழுத்துப் பக்கம் நீண்டு சாய்ந்து நின்றால், உலையில் சரியாகத் தெளியாத கண்ணாடியை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது இழுத்த திசையில் நீண்டிருப்பதால், சூடாக இருந்தபோது கண்ணாடி எந்தப் பக்கம் ஓடியது என்ற தடயம் அதிலேயே கிடைக்கும். பிரான்ஸின் மாரிஸ் மாரினோ ஓவியராக இருந்து 1911-ல் கண்ணாடிக்கு வந்தவர். தொழிற்சாலைகள் கழித்துக்கட்டிய குமிழியையே அடுக்கடுக்காக, கனத்த கண்ணாடிக்குள் மூடுபனி மாதிரி நிறுத்தினார். அவருடைய ஒரு சிறு குப்பியைக் கண்ணாடித் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் வைத்தால் உடைத்து உலையில் போட்டுவிடுவார்கள். அவர் செய்ததில் எந்தக் குமிழியும் தற்செயலாக வந்தது இல்லை. உங்கள் கையிலிருக்கும் பொருளிலும் இதையே கேளுங்கள்: இது வந்த குமிழியா, வைத்த குமிழியா?

நிறத்தைக் கடையின் எல்இடி வெளிச்சத்தில் பார்த்து வாங்காதீர்கள். கடற்கரை வெயில் காலை எட்டு மணிக்கு ஒரு மாதிரி, உச்சியில் வேறு மாதிரி. இரண்டிலும் பாருங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படியும் பாருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நாலாம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பை ஒன்று இருக்கிறது. லைகர்கஸ் கோப்பை என்பார்கள். முன்னால் வெளிச்சம் பட்டால் பச்சை. உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணுக்குத் தெரியாத தங்க, வெள்ளித் துகள்களின் வேலை. நல்ல சிவப்புக்கு இன்றும் தங்கம்தான். முதலில் வெளிறித்தான் இருக்கும், மறுபடி சூடுகாட்டும்போதுதான் உள்ளிருந்து சிவப்பு எழும்பும். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீஸ், மயில்நீலத்துக்குத் தாமிரம். யாரும் சேர்க்காமல் தானே வரும் நிறம் பச்சை. மணலில் இருக்கும் இரும்பு அதைக் கொடுத்துவிடும்.

மணல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடிக்கு வேண்டியது மணலின் சிலிக்கா 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், உருக்க எளிதாக்கும் சோடா, கெட்டிப்படுத்தும் சுண்ணாம்பு. ரோமானியர் காலத்தில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், பேலஸ் ஆற்று முகத்துவாரத்து மணல் கண்ணாடிக்குப் பேர்போனது. சிப்பித்தூள் கலந்த மணல் என்பதால் சுண்ணாம்பு தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை. வெனிஸ்காரர்கள் சோடாவுக்காக உப்பு நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலைக் கப்பலில் வரவழைத்தார்கள். நம் உப்பளத்து வரப்பில், கழிமுகத்துச் சேற்றில் சிவந்து கிடக்கும் உமரி இருக்கிறதே, அதே சாதிச் செடிதான். மணல், சிப்பி, உமரி மூன்றும் தனுஷ்கோடியிலிருந்து வாலிநோக்கம் வரை காலடியிலேயே கிடக்கிறது. இங்கே யாரும் கண்ணாடி ஊதவில்லை என்பது வேறு கதை. ஆனால் கண்ணாடி இந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. வைகை கடலில் சேரும் அழகன்குளத்து அகழாய்வில் ரோமானியக் காசுகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. அக்காலத் தென்னிந்தியச் சிறு மணிகளில் பெரும்பாலானவை ஊதியவை அல்ல. உருகிய கண்ணாடிக்குள் துளை உண்டாக்கி நீளமான குழாயாக இழுத்து, துண்டு போட்டவை.

கலைஞர் விஷயத்துக்கு வருவோம். வெனிஸ் அரசு 1291-ல் தீ பயத்தால் உலைகளையெல்லாம் முரானோ தீவுக்கு மாற்றச் சொன்னது. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று கண்ணாடிக்காரர்கள் ஊரைவிட்டுப் போவதற்கே தடை இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆஞ்செலோ பரோவியர் பளிங்கு மாதிரி நிறமற்ற கண்ணாடியைக் கொண்டுவந்தார். அவருடைய மகள் மரியெட்டாவுக்கு 1487-ல் சொந்தமாகச் சூளை வைக்க அனுமதி கிடைத்தது. பூ மாதிரி அடுக்கு நிறமுள்ள ரோசெட்டா மணியை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆண்கள் மட்டுமே உலைமுன் நின்ற காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதற்குப் பிறகும் பல நூறு வருஷம் ஒருவர் வரைவார், இன்னொருவர் ஊதுவார், பெயர் வரைந்தவருக்கும் முதலாளிக்கும் போகும். அமெரிக்காவில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்ட ஆசிரியர் 1962-ல் டொலேடோ அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கொட்டகையில் சிறு உலை வைத்து, கலைஞர் தன் கையாலேயே ஊத முடியுமா என்று பார்த்தார். முதலில் கண்ணாடி சரியாக உருகவே இல்லை. டாமினிக் லபினோ என்ற தொழில்நுட்பர் கண்ணாடியிழைக்கென்று செய்த கோலிகளைக் கொடுத்து உருக்கச் சொன்னார். அது பிடித்துக்கொண்டது. இன்று நாம் ஸ்டூடியோ கண்ணாடி என்று சொல்லும் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொட்டகைதான் தொடக்கம்.

லிட்டில்டனின் மாணவர் டேல் சிஹூலி. 1976-ல் கார் விபத்தில் இடது கண் பார்வை போனது, 1979-ல் தோளில் அடிபட்டது. அதோடு குழல் பிடிப்பதை விட்டுவிட்டார். அதன்பின் அவர் பெயரில் வந்ததெல்லாம் அவர் வரைந்து, பக்கத்தில் நின்று சொல்ல, ஒரு குழு ஊதியது. இது அவருடைய கலையா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபமில்லை; உலை முன்னால் தனியாளாக யாரும் பெரிய பொருள் செய்ததே கிடையாது. ஆனால் ஊதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முரானோவின் லீனோ தல்யாபியேத்ரா 1934-ல் பிறந்தவர், 21 வயதிலேயே மாஸ்ட்ரோ, அதாவது தலைமை ஊதுகலைஞர். 1979-ல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் போய், தீவுக்காரர்கள் காத்த வித்தைகளை அந்நியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நிறக் குமிழிகளைச் சூட்டோடு சூடாக வாயோடு வாய் ஒட்டுவது, நூல் நூலாகக் கோடு ஓடும் சுவர்கள், இதெல்லாம் அவர் கையில் பார்க்க வேண்டியவை. மற்றவர்களின் வேலையைக் காணொலியில் வேகமாக ஓட்டிப் பார்க்கலாம், இவருடையதை ஓட்டாதீர்கள்.

நம் நாட்டில் டெல்லியில் ரேஷ்மி தேய் ஊதுகண்ணாடிக்கென்றே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஹேமி பாவா அச்சுவார்ப்புக் கண்ணாடிச் சிற்பத்தில் பெரிய பெயர். பெயரில்லாமல் ஊதுகிறவர்கள்தான் ஏராளம். பிரோசாபாத்தின் வளையலும் விளக்குக் கூண்டும் நம் வீட்டு விசேஷங்களுக்கு வராமல் இருந்ததில்லை. குஜராத்தின் கபட்வஞ் பக்கம் பெரிய கண்ணாடிக் குமிழி ஊதி, உள்ளே ரசம் பூசி, உடைத்துச் சில்லாக்குவார்கள். பாவாடையில் தைக்கும் கண்ணாடி அது. பழைய கைத்தையல் துணி கிடைத்தால் ஒரு சில்லைச் சாய்த்துப் பாருங்கள், மிக லேசாக வளைந்திருக்கும். 2023-ல் யுனெஸ்கோ கைக்கண்ணாடித் தொழிலை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆறு நாடுகள்தான் இருந்தன. நம்மவர்கள் எங்கே என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

விலையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. உலையை ராத்திரி அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது, இரவு பகல் எரிய வேண்டும். மூன்று, நாலு பேர் கூலி, உடைந்தவற்றின் நஷ்டம், சாணைச் செலவு எல்லாம் நிற்கும் ஒன்றின் தலையில் விழும். 'முரானோ' என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் முரானோ ஆகாது. அங்கேயே போலித் தொல்லை தாங்காமல் 1994-ல் வெனெட்டோ மாநிலம் தனியாக ஒரு முத்திரையை உண்டாக்கியது. உங்கள் சொறிக்கு இருபதாயிரம் கூடுதலா என்று கேட்டால், அடியில் கையெழுத்து இருந்தால் யாருடையது என்று தேடுங்கள், இல்லையென்றால் கூடுதல்தான்.

ஆறவைத்த பக்குவம் சரியா என்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நான் தினமும் செய்த வேலை இது. கம்ப்யூட்டர் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கம் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்துத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது கண்ணாடிப் பொருளைத் திரைக்கும் கிளாஸுக்கும் நடுவில் பிடியுங்கள். உள்ளே இறுக்கம் மாட்டியிருக்கும் இடம் மட்டும் வெளுப்பாக, சில சமயம் வானவில் நிறத்தில் ஒளிரும். லேசாகத் தெரிந்தால் பயமில்லை. ஒரே இடத்தில் பளிச்சென்று குறுக்கே ஓடினால் ஒருநாள் தானாகவே வெடிக்கலாம். கனமான கண்ணாடிக்கு ஆற நேரம் வேண்டும். பாலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் வார்த்த 200 அங்குல ஆடியைப் பத்து மாதம் ஆற்றினார்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. உங்கள் உருண்டையை ஜன்னல் திண்டில் வெயில் படும்படி வைக்காதீர்கள். கெட்டிக் கண்ணாடி உருண்டை பூதக்கண்ணாடி வேலை செய்யும், திரைச்சீலை பற்றிக்கொள்ளும். கடற்காற்றின் உப்புப் படலம் சீக்கிரமே மங்கவைக்கும் என்பதால் அவ்வப்போது துடைக்கத்தான் வேண்டும், ஆனால் போர்த்தண்ணியில் கழுவினால் உப்புக்கறை கட்டும். மழைத்தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ போதும்.

நிறையப் பார்க்க வேண்டுமென்றால் ஹைதராபாத் சாலர்ஜங் அருங்காட்சியகத்தில் ஐரோப்பியக் கண்ணாடி கணிசமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த லாந்தர் கண்ணாடி, மருந்துக் குப்பி, வண்ணக் குடுவை என்று பழங்கடைகளில் குவிந்து கிடக்கும். சின்ன டார்ச்சும் போலராய்டு கிளாஸும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், பழகியவர்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள். ஏதாவது வாங்கினால் செய்தித்தாளில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து கழுவிவிடாமல், ஒரு மணி நேரம் நிழலில் இருக்கட்டும்.